அறுபது டன் மேடையில் ஸ்டெல்லா

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே வெயில். கடல் காற்று எட்டிப் பார்க்கவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், லாரி எடை மேடையை நான் திறந்தது எட்டு மணிக்கு. மதியத்துக்குள் முப்பத்தொரு லாரி.

நாளை மறுநாள் ஸ்டெல்லாவுக்கு (இனி ஸ்.) ஸ்கேன். பன்னிரண்டாவது வாரம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் பிள்ளை.

பிள்ளையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளப்பார்களாம். கூடவே தாய்க்கு ரத்தப் பரிசோதனை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வார்களாம். முன்கூட்டியே ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயர், வயது, உயரம், கடைசி மாதவிலக்குத் தேதி, சர்க்கரை உண்டா, எடை.

எடை! நம்ம ஏரியா.

"மெடிக்கல் ஷாப் வாசல்ல மெஷின் கீது. ஏறி நின்னா தெரிஞ்சிடப் போவுது" என்றாள் ஸ்.

"அது ஜோசியம் சொல்ற மெஷின். என்னுது வருஷா வருஷம் கவர்மெண்ட்டு ஆளு வந்து முத்திரை போடற மேடை. அறுபது டன்னு!"

மதியம் காலடிப்பேட்டை வீட்டுக்குப் போய் அவளை ஸ்கூட்டரில் கூட்டிவந்தேன். முதலில் ஸ்கூட்டர், நான், அவள் மூவரும் மேடைமேல்: 230 கிலோ. அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏறினேன்: 180. லாரிக்கு லோடு எடை, காலி எடை பார்ப்பதுபோலத்தான். மீதி 50. ரூமுக்குள் பட்டன் அமுக்கியது பாஷா பாய். பத்து வருஷமாகக் கம்பி லோடு ஓட்டுகிறார், என் தோஸ்து. சீட்டும் அடித்துக் கொடுத்தார். 'சரக்கு' என்ற இடத்தில் 'ஸ்டெல்லா' என்று நான்தான் போடச் சொன்னேன்.

ஸ்-க்கு ஒரே பூரிப்பு. "கல்யாணத்துக்கு மின்னியே நான் ஐம்பத்தஞ்சுய்யா. இப்போ ஐம்பதா? உன் மேடைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்."

எனக்குத்தான் கவலை. இரண்டு மாத வாந்தியில் இளைத்துவிட்டாளே! திரும்பும்போது வஞ்சிரம், மாதுளை, பேரீச்சை வாங்கினேன். படிவத்தை நானே நிரப்பினேன், அழகான கையெழுத்தில்.

ஜூலை 9, புதன்

லீவு. நேற்று மாலை இடி மட்டும், மழை இல்லை.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஸ்கேன் சென்டர். உள்ளே போனதும் அங்கிருந்த பெண், "செருப்பைக் கழட்டிட்டு மெஷின்ல ஏறி நில்லுங்கம்மா" என்றாள். ஸ். ஒரு காலைத் தூக்கியேவிட்டாள். நான் சும்மா இருந்தேனா? "எடையெல்லாம் ஃபார்ம்ல கீதும்மா. முத்திரை போட்ட மேடை" என்று சீட்டையும் நீட்டினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஐம்பது என்றே கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

ரத்தம் எடுத்தார்கள். பிறகு காத்திருப்பு. ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டோம் என்று கையெழுத்து. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கடைசி அஞ்சு நிமிஷம் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். சுவரில் டி.வி. முதலில் மழைக்கால ஆன்டெனாப் படம் மாதிரி ஒன்றும் புரியவில்லை. "இதோ தலை. இது மூக்கெலும்பு, நல்லாத் தெரியுது. இது கை" என்றார் டாக்டரம்மா. அந்தக் கை அசைந்தது! பிள்ளை ஒரு எம்பு எம்பிக் குப்புறத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கழுத்தை அளக்கவேண்டுமே, டாக்டரம்மா ஸ்-ஐ இருமச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார், இனிப்பு சாப்பிடச் சொன்னார். சாக்லேட் வாங்க ஓடினேன். அதற்குப் பிறகுதான் துரை, அல்லது துரையம்மா, மனசு வைத்தது.

"அப்பனாட்டம் புடிவாதம்" என்றாள் ஸ்.

"இப்ப ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "கழுத்து நீர் அளவு சரியா இருக்கு. ரத்த ரிசல்ட் வந்ததும் சேர்த்துச் சொல்றேன்."

இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார்கள். துறைமுகத்துக்கு ஓடும் கூட்ஸ் ரயிலைவிட வேகம். வெளியே வந்து பாஷா பாய்க்குப் போன். "எலுமிச்சம்பழம் பாய்! எலுமிச்சம்பழம்!" அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "மாஷா அல்லா" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் மூன்று கட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு. புள்ளி மஞ்சளில்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஸ்கேனில் குறையில்லை. ஆனால் ரத்தத்தில் ஒரு அளவு குறைவு. இரண்டையும் சேர்த்தால் டவுன் சிண்ட்ரோம் இருக்க நடுத்தரமான வாய்ப்பு. "இருக்குன்னு அர்த்தம் இல்லை. இன்னும் பார்க்கணும்னு அர்த்தம்." வழி இரண்டு. தாயின் ரத்தத்திலேயே இன்னும் நுட்பமான ஒரு சோதனை. இல்லை, பதினாறாவது வாரத்தில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பது. யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஸ். ஸ்கூட்டரில் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் மாதுளை அப்படியே இருக்கிறது.

பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

காலை பத்தரை. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. புது லாரி டிரைவர் ஒருவன் சீட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தான்.

"இன்னாபா, காலி வண்டி போன தபாவோட பத்து கிலோ ஜாஸ்தி காட்டுது?"

நான் தினமும் நாலு பேருக்குச் சொல்லும் பதில்தான். "இது பத்துப் பத்தாத்தான் காட்டும் நைனா. அஞ்சு கிலோ மின்ன பின்ன இருக்கும். லாரி எடை போடற மேடை இது, கோழிக்கறியா எடை போடற?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

பத்துப் பத்தாகத்தான் காட்டும். 234 என்றால் 230. 175 என்றால் 180. இரண்டு தடவை எடை போட்டேன். ஒன்று கீழே இறங்கி, ஒன்று மேலே ஏறி, நடுவில் ஒன்பது பத்து கிலோ காணாமல் போயிருக்கலாம். பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. மடையன். முத்திரை போட்ட மடையன்.

பாஷா பாயிடம் சாவியைக் கொடுத்தேன். "பாய், பத்து நிமிஷம்!"

"நான் லோடு இறக்க வேணாமா?"

"எலுமிச்சம்பழம் பாய்!"

"போ, போ" என்றார்.

ஸ்-ஐ ஏற்றிக்கொண்டு நேராக ஸ்கேன் சென்டர். வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து முதுகில் ஒரு அறை. "யோவ், என்னை இன்னா ஜல்லி லோடுன்னு நெனச்சியா?" பிறகு தானே, "நானும் ஐம்பதுன்னதும் இளிச்சிகினு இருந்தேன். கண்ணாடியப் பார்த்தா தெரியாதா எனக்கு" என்றாள்.

மெஷினில் ஏறினாள். 59.4.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தாயோட எடை கூட இருந்தா அந்த அளவு ரத்தத்துல கம்மியாத்தான் தெரியும். எடையை வச்சுத்தான் அதைச் சரி பண்ணுவோம். ஒன்பது கிலோன்னா பரவாயில்லைன்னு விட முடியாது. மறுபடி கணக்குப் போடச் சொல்றேன். ஆனா புள்ளி நகரலாம், நகராமலும் போகலாம். ஆசையை வளர்த்துக்காதீங்க."

வளர்த்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? திரும்பும்போது பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு டிரைவருக்கும் கை காட்டினேன்.

வாசலில் இறங்கியதும் ஸ். கேட்டாள். "திங்கக்கெளம மஞ்சள்லயே நின்னா? அடுத்த டெஸ்ட்லயும் ஆமான்னு வந்தா? இன்னா பண்ணுவ?"

பாட்டு நின்றது.

"தெரியல" என்றேன். அதுதான் உண்மை. "ஆனா ஓட மாட்டேன்."

"சரி" என்று உள்ளே போய் மாதுளையை உரித்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஏழரைப் பூசை. எங்கள் பங்குச் சர்ச் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பவன் ஆரோக்கியம். முப்பது வயது இருக்கும். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம்தான். வாராவாரம் அவன் கையிலிருந்துதான் புத்தகம் வாங்குகிறேன். இன்றுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன்போல. எனக்குக் கிழிந்த புத்தகத்தைக் கொடுத்தான். மாற்றிக் கேட்டேன். "லேட்டா வந்தா அதான்" என்றான். அவன் சொன்னது சரி.

பூசை முடிந்ததும் ஸ். போய் அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் பேசினார்கள். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு வயசுலதான் சட்டை பட்டன் போடக் கத்துக்கினானாம். அன்னிக்குத் தெருவுக்கே கேசரி குடுத்தாங்களாம்."

போன் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள். என்னைவிட நாலு அடி முன்னால் நடக்கிறாள் இவள்.

வாங்க வேண்டியவை: பால், சோப்பு, ஸ்-க்குப் பெரிய நைட்டி (வண்ணாரப்பேட்டை), எடை மெஷின் (சின்னது, வீட்டுக்கு).

ஜூலை 14, திங்கள்

பச்சை!

பச்சை. பச்சை. பச்சை.

புள்ளி கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது. டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார்: "பச்சைன்னா குறைவான வாய்ப்பு. இல்லவே இல்லைன்னு இல்லை. ஐந்தாம் மாசம் இன்னொரு ஸ்கேன், இதயம், முதுகெலும்பு எல்லாம் பார்க்கணும்." நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். "வேற சோதனை வேணும்னா இப்பவும் செய்யலாம்" என்றார். ஸ். வேண்டாம் என்றாள். "ஐந்தாம் மாசம் பாத்துக்கலாம் டாக்டர். இவரு ஓட மாட்டாராம்." டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்.

அந்த 50 கிலோ சீட்டை ஸ். கிழிக்கவிடவில்லை. "புள்ள பெருசானதும் காட்டணும், அவங்கப்பன் எப்பேர்ப்பட்ட புத்திசாலின்னு." பைபிளில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

விடிகாலையில் நல்ல மழை. மேடை கழுவிவிட்டாற்போல் இருந்தது. முதல் லாரி வருமுன் ஒரு வேலை செய்தேன், யாரிடமும் சொல்வதற்கில்லை. சாப்பாட்டுப் பையில் ஸ். வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போய் மேடை நடுவில் வைத்தேன். திரும்பி ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.

0.

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குள் பாஷா பாயின் லாரி, முழுக் கம்பி லோடோடு, மேடை வாசலுக்கு வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "இன்னா நைனா, வேதக்காரன் நீயும் எலுமிச்சம்பழம் வெக்க ஆரம்பிச்சிட்டியா? ஏத்தட்டா? டயர்ல நசுங்கினா திருஷ்டி போயிடும்!"

"பாய்! நிறுத்து! பிரேக்கப் போடு!"

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். லாரி உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் எட்டு வண்டி, எல்லாம் ஹாரன். குனிந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இப்போ வா பாய்" என்றேன். "மெதுவா வா."