பன்னிரண்டரை மணிக்கு விடும் பள்ளி

நேற்று குன்றத்தூர் கடைத்தெருவில் குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கினேன். கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வெயில் பட்டுப் புது ரப்பரின் வாசனை கிளம்பியது. அவ்வளவுதான், முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாமா, தலை சுத்துதா?" என்று கேட்டு ஜன்னலைத் தள்ளிவிட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நாம் பாடம் எடுத்த ப்ளஸ் டூ வகுப்பறை அந்த வருடம் இப்படித்தான் மணத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ போய்விட்டாய் என்று உன் தங்கை போன் செய்து சில மாதங்கள் ஆகின்றன. காரியத்துக்கு வந்திருந்தேன். நீ நன்றாகப் பாடுவாய், நன்றாகச் சமைப்பாய் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நீ சமைத்த சாம்பாரைச் சாப்பிட்டவள் என்ற முறையில் இரண்டாவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. எனக்கும் அங்கே வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

தலைமையாசிரியை நாற்காலி மேல் உனக்கு ஆசை. அதை நீ மறைத்ததும் இல்லை. பழைய ஹெச்.எம். ஓய்வு பெற்றதும் தாளாளர் உன்னைப் பொறுப்பில் உட்கார வைத்து, "மேல்படிப்ப முடிங்க, பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார். தபால் வழியில் கல்வி நிர்வாக முதுகலையில் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சென்னை போகத் துணை வேண்டும் என்று, சும்மா கிடந்த என்னையும் இழுத்துச் சேர்த்துவிட்டாய். மதியத்துக்கு மேல் எங்களில் முக்கால்வாசிப் பேர் தூங்குவோம். நீ மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதித் தள்ளுவாய். "கலெக்டர் ஆகப்போறியாடி?" என்று சீண்டினால், "ஒரு பள்ளிக்கூடத்த ஒழுங்கா நடத்தறது அதவிடக் கஷ்டம்டி" என்பாய்.

ஊரின் தேவைக்கு ஏற்பப் பள்ளி வளைந்து கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பாடம் வந்தது. அதை நீ பிடித்துக்கொண்டாய். பிள்ளைப்பாக்கம் பக்கமெல்லாம் நிலம் கைமாறி, சின்னதும் பெரியதுமாகக் கம்பெனிகள் எழுந்துகொண்டிருந்த சமயம். ப்ளஸ் டூவில் நாலைந்து பேர் செகண்ட் ஷிஃப்ட் வேலைக்குப் போய், படிப்பை விட்டிருந்தார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர நீ ஒரு வழி கண்டாய். மேல்வகுப்புகளுக்குக் காலை ஏழரைக்கே பள்ளி தொடங்கும், பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். அதையே உன் ஆய்வேட்டுக்கும் பொருளாக எடுத்தாய்.

வீடு வீடாகப் போனாய். நானும் செருப்புத் தேய உன்னோடு நடந்தேன். "படிச்சிக்கிட்டே வேலைக்கும் போகலாம், அனுப்பி வைங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாய். நின்றுபோன பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆய்வேட்டின் வைவாவில் பேராசிரியர், "இதுதாம்மா நிர்வாகம்" என்று பாராட்டினார். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாய். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு உன் முகத்தில் நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் பள்ளி விடும் நேரத்துக்குக் கேட்டருகே ஒரு வேன் வந்து நின்றது. நம் பிள்ளைகள் யூனிஃபார்மோடு ஏறினார்கள். திரும்பி வந்த நாலைந்து பேர் மட்டும் அல்ல, அதுவரை கம்பெனி வாசலையே மிதிக்காதவர்களும் ஏறினார்கள். கணக்கில் எப்போதும் முதலாவதாக வரும் கலைச்செல்வியும் அதில் இருந்தாள். ஏதோ ஒரு ரப்பர் பட்டறை. அச்சிலிருந்து வரும் பாகங்களின் ஓரப் பிசிறை பிளேடால் வெட்டும் வேலை. ஆள் பிடிக்கும் காண்ட்ராக்டர் உன்னைப் பார்த்துக் கும்பிட்டான். "உங்க டைமிங் நமக்கு சூப்பரா செட் ஆவுது மேடம். இனிமே ஆளுக்கு அலையவே தேவ இல்ல."

பிறகு வகுப்பு முழுக்க அந்த வாசனைதான். பிள்ளைகளின் விரல்களில் பிளாஸ்திரி. முதல் பீரியடிலேயே தலை சாய்ந்துவிடும். எழுப்ப எனக்கு மனசு வராது.

பழைய நேரத்துக்கே மாற்றிவிடலாம் என்று பெற்றோரைக் கூட்டினாய். ஒரு அப்பா எழுந்து, "நீங்கதான மேடம் வூடு வரைக்கும் வந்து சொன்னீங்கோ? இப்ப பசங்க சம்பாரிச்சிகினு கீதுங்க, வேணான்றீங்கோ. இன்னா நாயம் இது?" என்று கேட்டார். தாளாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த நேரத்துக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் சேர்கிறார்கள், கை வைக்காதே என்றார். நீ கொண்டுவந்த நேரத்தை உன்னாலேயே அசைக்க முடியவில்லை. ஆத்திரத்தில் நான் காண்ட்ராக்டரைத் திட்டினேன், தாளாளரைத் திட்டினேன், பேராசிரியரையும் விடவில்லை. நீ யாரையும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொதுத்தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டோம். காண்ட்ராக்டர் அந்தப் பிள்ளைகளைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். கணக்குத் தேர்வன்று காலை கலைச்செல்வி வரவில்லை. ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு ஓடினோம். செக்யூரிட்டி வழிவிடவில்லை. "நான் அந்தப் பொண்ணோட ஹெச்.எம்.ப்பா" என்று கெஞ்சினாய். "யாரா இருந்தாலும் பாஸ் வோணும் மேடம்" என்றார். கடைசியில் மனம் இரங்கி, அவளைக் கூப்பிட்டு விட்டார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையுறையோடு வந்து நின்றாள்.

"எழுதிட்டு வந்துரலாம் வாம்மா, ஆட்டோ நிக்குது" என்றாய்.

"இப்ப வெளிய வந்தா என் எடத்துல வேற ஆள போட்ருவாங்க மிஸ். அப்பாக்கு வேல இல்ல. அக்டோபர்ல எழுதிக்கிறேன்."

"எழுதுவியா?"

"எழுதுவேன் மிஸ். நீங்க அழாதீங்க."

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் நீ அழுவதை நான் கவனித்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிர்வாகம் படித்த இரண்டு பேர் நின்றோம். உள்ளே மணி அடித்தது, அவள் போய்விட்டாள். திரும்பும் வழியில், "வளைஞ்சு குடுக்கறதுன்னா எதுவரைக்கும்னு அந்தப் பாடத்துல எங்கயாவது போட்டிருந்துச்சாடி?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அவள் அக்டோபரில் எழுதவில்லை. மீதித் தேர்வுகளையும் முடித்த உனக்கு முதல் வகுப்பு வந்தது. தாளாளர் சால்வை போர்த்தினார். அடுத்த மாதமே வேலையை விட்டுத் திண்டிவனம் பக்கம் போய், கடைசிவரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். துணைக்குப் படித்த நான்தான் இன்று அந்த நாற்காலியில் இருக்கிறேன். வந்ததும் முதல் வேலையாக நேரத்தை மாற்றுவேன் என்று உனக்குச் சொன்னேன். ஒவ்வொரு ஜூனிலும் கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முடியாது என்கிறார்கள். உன் ஏழரையும் பன்னிரண்டரையும் இன்னும் என் தலையில்தான் இருக்கின்றன.

இந்த ஜூனில் கலைச்செல்வி வந்தாள். இப்போது அதே பட்டறையில் சூப்பர்வைசர். தங்கையை ப்ளஸ் ஒன்னில் சேர்க்க வேண்டுமாம். நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தாள். நீ போய்விட்டதைச் சொன்னதும் அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் தோளில் கைபோட்டு, "பன்னண்டரைக்கு வுட்ருவீங்கல்ல மிஸ்?" என்று கேட்டாள்.

விட்டுவிடுவோம் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்லு.