சட்டிக்குள் போன குலை

1951 மார்ச் 6

என் வாழையில் குலை நன்றாகத் திரண்டுவிட்டது. வாடல் நோய் பிடித்த மண்ணில் சுற்றிலும் எல்லாம் மஞ்சளாகிச் சாய, இது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. பூ பூவாக மகரந்தம் தடவி, வண்டி வண்டியாகப் பழத்தைச் சல்லடையில் பிசைந்து, நான் கண்டெடுத்த ஒற்றை விதையில் முளைத்தது. கர்வம் இருக்காதா எனக்கு?

பண்ணைத் தலைவர் டாக்டர் ஹார்விக் இன்று வந்து பார்த்தார். "பழுக்கட்டும், ஐவரின். தின்னு பாப்போம். ருசி இல்லேன்னா பிடுங்கிட்டு வேற நடணும்."

மார்ச் 7

காற்று. குலைக்கு முட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 10

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணைக்கும் சர்க்கரை ஆலைக்கும் கிரிக்கெட். ஜெயித்துவிட்டோம். சமையல்கார மிஸ் க்ளாரிஸ் வாழைக்காயை அவித்து உப்பு மீனோடு போட்டாள். மாவு மாவாக, அப்படியொரு காயை நான் தின்றதே இல்லை. மறுபடியும் தட்டை நீட்டினேன்.

"ஏது இந்தக் காய், மிஸ் க்ளாரிஸ்?"

"நம்ம தோட்டத்து எக்பர்ட் வெட்டிட்டு வந்தாரு. தின்னு, கேள்வி கேக்காதே."

மார்ச் 12

கேட்டிருக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் — குலை இல்லை. மொட்டையாக நிற்கிறது.

எக்பர்ட்டைப் பிடித்தேன். சமையலுக்கு எப்போதும் வரப்போர வரிசையில்தான் வெட்டுவார்.

"அங்க எல்லாம் வாடிப்போச்சு, மிஸ் ஐவரின். இது ஒண்ணுதான் பாக்க லட்சணமா இருந்துச்சு."

"வாடாம இருக்கணும்னுதானய்யா இத்தனை வருஷம் பாடுபட்டேன்."

"நீயுந்தானே ரெண்டு தட்டு தின்னே?"

தின்றேனே, பாவி. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பழமே இல்லாம அறிக்கையில நான் என்னத்த எழுதறது? வெள்ளிக்கிழமை பிடுங்கிடுங்க." பக்கக்கன்று அடுத்த வருஷம் குலை தள்ளும் என்று கெஞ்சிப் பார்த்தேன். இடம் வேண்டுமாம்.

மார்ச் 16

பிடுங்கப் போனோம். பிடுங்க ஒன்றுமே இல்லை! குழிதான் இருக்கிறது. ஒரு கன்று மிச்சமில்லை.

"பன்னி தோண்டியிருக்கும், சார்," என்றார் எக்பர்ட், நகக்கண் நிறைய மண்ணோடு. க்ளாரிஸ் வானத்தைப் பார்த்தாள். கிரிக்கெட் ஆடியவர்கள் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு ஒரு கன்று கொடுக்கத் தோன்றியதா ஒருத்தருக்காவது?

1952 ஜூன் 7

கிங்ஸ்டன் சந்தையில் ஒரு சீப்புப் பழம். அந்தக் காம்பின் வளைவை நான் மறப்பேனா?

"என்ன பழம் இது?"

"க்ளாரிஸ் வாழை. தெரியாதா உனக்கு? வாடல் கிட்டயே வராது."

க்ளாரிஸ் வாழையாம்! அவித்தவள் பெயர் வைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது. ஆனாலும் வாங்கினேன். நடுத்தெருவிலேயே ஒன்றை உரித்தேன். தேன். சிரித்துக்கொண்டே தின்றேன்.

ஜூன் 9

மிச்சத்தை டாக்டரின் மேஜையில் வைத்தேன். ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். எங்கே வாங்கினாய் என்றார்.

"சந்தையில, சார். வாடல் வராதாம்."

மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த இடத்துல நட்டதெல்லாம் செத்துப்போச்சு, ஐவரின். காலியாத்தான் கிடக்கு. இதுல ஒரு கன்னு கிடைக்குமா?" என்றார்.

"தேடிப் பாக்கறேன், சார்."

எக்பர்ட் வீட்டுக் கொல்லையில் தோப்பே இருக்கிறது. ஒரு வாரம் தேடிவிட்டுச் சொல்கிறேன்.