குழிப்பந்தாட இறங்கிய அரசரைப் பெயர் சொல்லி அழைக்கும் பொருட்டு

நலம் பெருகுக. மூன்று ஆறுகள் கடலில் கலக்கும் அல்லிக்கரை நாட்டில், ஆற்றங்கரை மாளிகையில் தனித்து வீற்றிருக்கும் மூத்த பிராட்டியார், அந்நாட்டு அரசரைப் பெற்றெடுத்த பெருமாட்டி, பூதநங்கை நாச்சியார் திருமுன்புக்கு, தாதுமலை நாட்டுத் தலைமை அமைச்சன் நன்னாகன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் மாளிகைப் படித்துறையில் ஆறு அளவோடு ஓடுக.

தங்கள் திருமகனார் நலமாக இருக்கிறார் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறோம். அவர் இருக்கும் இடம்தான் நலமாக இல்லை. எம் மலையின் பழைய செம்புச் சுரங்கம் ஒன்றின் அடியில், கையில் பந்துக்கோலுடன், முழங்கால் அளவு நீரில் அவர் நிற்கிறார்.

இது நேர்ந்த வகையை முறைப்படி சொல்கிறோம். செம்பு தீர்ந்தபின் எம் சுரங்க நிலம் எதற்கும் ஆகாமல் கிடந்தது. எம் கோமகனாருக்கோ குழிப்பந்து ஆட்டத்தில் மிகுந்த பற்று. அவ்வாட்டம் தாங்கள் அறியாததாயின், சிறு பந்து ஒன்றைக் கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்துவதும், வீழ்த்தியதை எடுத்து அடுத்த குழியை நோக்கி அடிப்பதுமாக, பதினெட்டுக் குழிகள் முடியும்போது பொழுதும் முடிந்திருக்கும். இதற்கென ஒரு புல்வெளி அமைக்க அவர் விரும்பியபோது, சுரங்க நிலத்தில் குழிகள் ஏற்கெனவே இருப்பதால் தோண்டும் வேலை மிச்சம் என்று எம் பண்டாரத் தலைவர் எடுத்துரைத்தார். வேண்டியவை பதினெட்டு, இருந்தவற்றை எண்ணியவர் எவருமில்லை. பெரும்பாலானவை மூடப்பட்டன. செம்பு வெட்டியவர்களே புல் வெட்ட அமர்த்தப்பட்டனர். புல் நன்றாகவே வளர்ந்தது. அதில் குறை சொல்வதற்கில்லை.

எல்லைப் பூசல் தீர்ந்த மகிழ்ச்சியில் தங்கள் மகனாரை ஆட்டத்துக்கு அழைத்தோம். அவர் அடித்த பந்து, குறித்த குழியைக் கடந்து, புதருக்குள் மூடாமல் விடுபட்ட சுரங்க வாயில் விழுந்தது. வேறு பந்து தருகிறோம் என்று எம் கோமகனார் உபசாரமாகச் சொன்னார். பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது விதி. அதைத் தமக்காகத் தளர்த்துவது தம் குலத்தைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று தங்கள் மகனார் விடையிறுத்தார். எம் கோமகனார் மறுபடியும் உபசரித்தார். உபசாரத்தை நாங்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

அவர் இறங்குமுன் மலையின் வழக்கம் ஒன்று குறுக்கிட்டது. செம்பு இருந்த காலத்தில் சுரங்க வாயில் கயிறு காத்தவளும், இப்போது எம் புல்வெளியில் புல் வெட்டுபவளுமாகிய காத்தாயி, கயிற்றைத் தொடுமுன் அவரிடம் சத்திய ஆணை கேட்டாள். கீழே போகிறவர், தம் வீட்டார் ஒருவர் வாயில் நின்று பெயர் சொல்லி அழைத்தபின்பே மேலே வர வேண்டுமாம். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: “பேரு சொல்லாம ஏறுனா மலையும் கூடவே வரும், சாமி. ராசான்னு கூப்பிட்டா மலைக்குத் தெரியாது. பேரு வேணும்.” தங்கள் மகனார் சிரித்துக்கொண்டே வாளின்மேல் கை வைத்து ஆணையிட்டார், பிறகு இறங்கினார்.

பந்து அகப்பட்டது. அவர் அடித்தார், பந்து மேலே வரவில்லை. தொடக்கத்தில் ஒவ்வோர் அடியையும் கீழிருந்து கூவிச் சொன்னார். எம் கணக்கரும் குறித்து வந்தார். சில நாளாக அவர் கூவுவதில்லை. மேலே வர விரும்புகிறார்.

யார் அழைப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அரசரின் இயற்பெயரைச் சொல்பவரின் நாவை அறுப்பது அல்லிக்கரை நாட்டுச் சட்டம் என்று, உடன் வந்த படைத்தலைவர் நினைவூட்டினார். அச்சட்டத்தை இப்பொழுதே நீக்கினோம் என்று தங்கள் மகனார் கீழிருந்து அறிவித்தார். ஆயினும் உடன் வந்தோரில் எவரும் அவர் வீட்டார் அல்லர், எவருக்கும் அப்பெயர் நினைவிலும் இல்லை. எம் ஆவணக் களரியில் உள்ள உடன்படிக்கைகளைப் புரட்டினோம். கடல் தொட்ட பெருமான், பகையறுத்த வீரர், அல்லிக்கரைக் காவலர் என்று பட்டங்கள் நிறைய இருந்தன.

தங்கள் மருமகளார் விரைந்து வந்தார். கொண்டவர் பெயரைச் சொல்வது குலமகளிர் வழக்கமன்று ஆதலின், சுரங்க வாயருகே குனிந்து “என்னங்க” என்று அழைத்தார். கீழிருந்து விடையும் வந்தது. காத்தாயி கயிற்றை இழுக்க மறுத்துவிட்டாள். “அப்படிக் கூப்பிட்டா இந்த மலையில இருக்கிற அத்தனை புருசனும் திரும்பிப் பாப்பான், தாயி. நாங்களும் ஊருக்குள்ள புருசன் பேரச் சொல்ல மாட்டோம். இந்த வாயில வந்து நின்னா மட்டும் சொல்லிருவோம்” என்றாள். மருமகளார் பலமுறை வாய் திறந்தார், பெயர் வரவில்லை. இப்போது கூடாரத்தில் உணவு கொள்ளாமல் இருக்கிறார். அவரைத் தாங்கள் கடிந்துகொள்ள வேண்டாம்.

படைத்தலைவர் தாமே கயிற்றை இழுக்க முனைந்தபோது தங்கள் மகனாரே தடுத்துவிட்டார். வாள்மேல் இட்ட ஆணையை மீறி ஏறுபவன் ஊருக்கு என்ன ஆணையிடுவான் என்று கேட்டார். அவருக்கு மக்களோ உடன்பிறந்தாரோ இல்லை. ஆகவே எஞ்சியவர் தாங்கள் ஒருவரே.

இனிச் சொல்வது எம் தகுதிக்கு மீறியது. அந்தச் சட்டம் எதனால் பிறந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். முடிசூட்டிய அன்று, அயல்நாட்டுத் தூதர் நிறைந்த பேரவையில், சோறு ஆறுகிறது என்று தாங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்தீர்களாம். அவையில் சிலர் சிரித்தார்களாம். அன்று மாலை சட்டம் எழுதப்பட்டது. மறுநாள் தாங்கள் ஆற்றங்கரை மாளிகைக்குப் போய்விட்டீர்கள். அன்றுமுதல் தங்களிடமிருந்து ஒரு சொல்லும் தமக்கு வரவில்லை என்றும், தங்களை அழைப்பதில் பயனில்லை என்றும் கூறினார். அவர் தடுத்தும் நாங்கள் இவ்வோலையை எழுதுகிறோம்.

காரணம் இது. அவருக்கு உணவு கொண்டு இறங்கும் ஆட்களை, மாலையில் அவரவர் தாய்மார் வந்து பெயர் சொல்லி ஏற்றிக்கொள்கின்றனர். ஒவ்வொரு பெயரும் கீழே போய்ச் சேரும்வரை அவர் தலை நிமிர்ந்து நின்று கேட்கிறாராம். அடியேன் பல போர்களைப் பார்த்தவன். இதைக் கேட்க மனம் பொறுக்கவில்லை.

ஐப்பசி மேகம் மலைமேல் கூடிவிட்டது. முழங்கால் அளவு என்று மேலே எழுதிய நீர், இவ்வரி எழுதும்போது தொடையளவு ஆகிவிட்டது. பெருமழை பிடித்தால் அச்சுரங்கம் நிறைந்துவிடும்.

தங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை. எம்மவர்க்கு இட்ட ஆணைகளை அறிவிக்கிறோம். இவ்வோலையுடன் வரும் படகும் பல்லக்கும் தங்கள் விருப்பம்போல் காத்திருக்கும். வெறுமையாகத் திரும்பச் சொன்னால் திரும்பும். எல்லைக் காவலர் தங்கள் பல்லக்கை நிறுத்திப் பட்டம் கேட்கமாட்டார்கள். தாங்கள் சுரங்க வாயை அடைந்ததும் முரசும் கொம்பும் அடங்கும். எம் கோமகனார் உட்பட இரு நாட்டாரும் காதுக்கு எட்டாத தொலைவுக்கு விலகி நிற்பர். காத்தாயி மட்டும் கயிற்றுடன் இருப்பாள். அவள் சிரிக்கமாட்டாள்.

ஓலையைச் சுருட்டும் வேளையில், தங்கள் மகனார் இதை எப்படியோ அறிந்து, தாமும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எந்தப் பட்டத்தை இட்டு எழுதுவது என்று வினவினோம். எதுவும் வேண்டாம் என்றார். அவர் சொன்னது இது: “அம்மாவுக்கு இன்னும் கோபமிருந்தா, கோபமாவே கூப்பிடட்டும். நான் வந்துடறேன்.”

இவ்வரிக்கும் மேலே கண்ட அனைத்துக்கும் தாதுமலை நாட்டு முத்திரை இடப்பட்டது.