அசையாத இடது கை

அண்ணி,

இன்று ஹொசூர் ரோடு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் மணிக்கட்டில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள். அந்த வாசனையில் ஸ்ரீராம்புரம் வீடு அப்படியே எழுந்து வந்தது. சுவரில் சாய்ந்து, இடது கையை வேறு யாருடையதோ போல மடியில் போட்டுக்கொண்டு நீங்கள்.

அந்தக் கை அசையாது. ஆனால் குத்திக் குத்தி வலிக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், நரம்புப் பரிசோதனை எதிலும் ஒன்றும் இல்லை. "கை வரலேன்னா தண்ணி புடிக்க வேணாமில்ல, நல்ல ஐடியா!" என்று குழாயடியில் சிரித்தார்கள்.

வேலூரிலிருந்து வாழ வந்த உங்களுக்குக் கன்னடம் வராது. எந்த டாக்டரிடம் போனாலும் அண்ணன்தான் உங்களுக்காகப் பேசுவார். கேள்வி உங்களுக்குப் புரிவதற்குள் அவருடைய பதில் போய்விடும்.

ஒருமுறை அவருக்குப் பொம்மசந்திராவில் ஷிப்ட். துணைக்கு நான் வந்தேன். மனநல டாக்டரம்மா எப்போதிருந்து வலி என்று கேட்டதும் நானும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். "நீவு ஹேளபேடி, அவரே ஹேளலி," என்று தடுத்துவிட்டார். நீங்க சொல்லாதீங்க, அவங்களே சொல்லட்டும் என்று. கேள்வியை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"பாப்பா இந்தக் கையிலதாம்மா உசிர விட்டுச்சு. அழுதா வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாங்க."

இது நடிப்பில்லை என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். நரம்பில் கோளாறு இல்லை, ஆனால் கை உண்மையாகவே வரவில்லை, வலியும் உண்மை. துக்கம் இப்படியும் உடம்பில் இறங்கும். வாரா வாரம் போனோம். பேசினீர்கள், அழுதீர்கள். விரல்கள் அசைந்தன. பிறகு குடமும் தூக்கினீர்கள்.

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: "நரம்பு நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப வேஷம்தானே?"

சில வருடம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று மாலைவரை அவர் நகரவில்லை. பிறகு போன ஆஸ்பத்திரியிலும் அவரே பேசினார். "எல்லாம் மனசுதான், டாக்டர். முன்னாடியும் இப்படித்தான்," என்றார். தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே விழுந்தீர்கள்.

ஆட்டோவில் நீங்கள் பேசியதைக் காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் எங்கோ பார்த்தபடி சொன்னார். "அந்தக் கை வலி பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்ங்க. இது நெஜம்."

ஒரு வலியை அவர் நம்பவேண்டும் என்பதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். பாப்பா போன வலியை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதுவும் நிஜம்தான், அண்ணி.