தொலேதோவில் மூன்று மணி நேரம்

மார்ச் 6, 2018. செவ்வாய்

தச்சர் வந்து என் அறை ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டுப் போனார். எதிர் ஓட்டல்காரர்கள் மொட்டைமாடியில் மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் அறைகள் தெரிகின்றனவாம். "வெளியாள் கண்ணு படாம இருக்கத்தானே இது அடைப்பு மடம்?" என்றார் மடத்துத் தலைவி மதர் ஹெர்மினியா. சரிதான். பத்தொன்பது வயதில் இந்த வாழ்க்கையை நான்தான் கேட்டு வாங்கினேன். ஆனால் அந்த ஜன்னலில், கீழே ஓடும் ஆறு ஒரு முழத்துக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடமாக நான் பார்த்த தொலேதோ அவ்வளவுதான்.

மார்ச் 9

காலைச் செபத்தில், திருப்பாடலின் பாதியில் மூச்சு முட்டியது. வாயை மட்டும் அசைத்தேன்.

மார்ச் 14

மூன்றாவது தடவை மூச்சு முட்டியதும் டாக்டர் கிரோகாவை வரவழைத்தார்கள்.

"இருதயம் நல்லாருக்கு. நுரையீரலும் சுத்தம். வெளியில போய் நடங்க, சிஸ்டர்."

"உள்முற்றத்துல நாலு பக்கமும் நடக்க இடம் இருக்கே, டாக்டர்," என்றார் மதர்.

"அது நடையில்ல, மதர். செக்குமாடு சுத்துறது."

மதரின் முகம் சிவந்துவிட்டது. சிஸ்டர் யூலாலியா இருமுவதுபோலச் சிரித்தார். எழுபத்தோரு வயது, எங்களில் மூத்தவர், வாய்க்குப் பூட்டே கிடையாது.

மார்ச் 19

அனுமதி கிடைத்தது. வியாழன், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒரே ஒரு நாள். துணைக்கு யூலாலியா. தவக்காலத்தில் ஊர் சுற்றப் போகிறாயே என்று மனசு குத்துகிறது. ஆனாலும் ஷூவை இரண்டு தரம் துடைத்து வைத்தேன்.

மார்ச் 22. வியாழன்

எங்கிருந்து எழுதுவது?

இந்த ஊருக்கு நான் வந்தது மாமாவின் லாரியில், கொட்டுகிற மழையில். கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. லாரி மடத்து வாசலில் நின்றது, நான் உள்ளே போனேன், அவ்வளவுதான். ஊரை நடந்து பார்ப்பது இன்றுதான் முதல் நாள்.

ஆனால் வழி மட்டும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மடத்துச் சுவரில் பதித்த, சாமானை வைத்துச் சுழற்றி வெளியே அனுப்பும் மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாதாம் இனிப்பு விற்பது என் வேலை. வாங்க வருகிற பயணிகளின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் முகம் தெரியாது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான், பேராலயத்துக்கு எப்படிப் போவது. எனக்கு முன் அங்கே இருந்த சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததையே நானும் சொல்வேன்: இடது பக்கம் போங்கள், கிணற்றைத் தாண்டி வலது, சந்து முடிகிற இடத்தில் வளைவு, அதற்குள் நுழைந்தால் பேராலயம்.

இன்று நானே அந்த வழியில் நடந்தேன். இடது. கிணறு. வலது. சந்து முடிந்தது. வளைவு இல்லை. சுவர்.

சுவரைத் தடவிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. நெஞ்சு அடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பெனீத்தா. "இங்க ஒரு வளைவு இருக்கணுமே," என்றேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"ஐயையோ, அந்தக் குரல்! பெட்டிக்குப் பின்னால இருந்து வழி சொல்றது நீங்கதானா? வளைவை அடைச்சு ஏழு வருஷம் ஆச்சு, சிஸ்டர்! தினம் நாலு பேரு என் வாசல்ல வந்து முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர் என் உள்பாவாடையைப் போட்டோ எடுத்துட்டுப் போனாரு!"

யூலாலியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. அது முழுக்கச் சிரிப்பு இல்லை. ஏழு வருடம்! ஒருவர்கூடத் திரும்பி வந்து சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்களுக்குப் போக வேறு தெருக்கள் இருந்தன.

பெனீத்தாவே எங்களைப் பேராலயச் சதுக்கம்வரை கூட்டிப்போனாள். வானம் அவ்வளவு அகலம். தலை சுற்றியது. "கீழ பாத்து நட, கல்லு தடுக்கும்," என்றார் யூலாலியா. அங்கிருந்து சரிவில் இறங்கிப் பாலத்துக்குப் போனோம். பாலத்தில் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்து எங்கள் மடத்தைத் தேடினேன்.

"நம்ம வீடு எது?"

"எல்லாம் ஒரே கல்லு. எனக்கும் தெரியல."

மூன்று மணி நேரத்தில், அந்தச் சுவருக்குப் பிறகு, ஒருமுறைகூட மூச்சு முட்டவில்லை.

ஒரு மணிக்கு மடத்துக் கதவு முன் நின்றோம். கை எழவில்லை.

"தட்டு."

"முடியல, சிஸ்டர்."

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, கசில்தா. தட்டு!"

கடைசியில் அவரே தட்டினார். உள்ளே இரண்டாவது படியிலேயே மூச்சு அடைத்தது.

மார்ச் 27

வாரம் ஒருநாள் வெளியே போக அனுமதி கேட்டேன். "மருந்துன்னு குடுத்தேன். நீ சாப்பாடா கேக்குற," என்றார் மதர். புனித வாரம். பலிபீடம் துடைக்கப் போனேன்.

ஏப்ரல் 8

சொல்லிவிட்டேன். ஒரு வருடம் வெளியே இருந்து பார்க்க வேண்டும், மறைமாவட்ட ஆயருக்கு எழுதப்போகிறேன் என்று. மதர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நாம இருக்கிறது அஞ்சு பேரு. நாலானா இந்த வீட்டை மூடி எங்களைக் குவென்கா மடத்துக்கு அனுப்பிடுவாங்க. யூலாலியா இந்தப் படிக்கட்டைக் கண்ணை மூடிக்கிட்டு இறங்குவா. அங்க போய் என்ன செய்வா? உன்னை மிரட்டல. தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

ஜன்னல் பலகையைப் பெயர்த்துவிடலாம். மதர் சொன்ன இதை?

ஏப்ரல் 10

இல்லை. ஆயருக்கு எழுத மாட்டேன்.

ஏப்ரல் 17

சமையலறையில் பாதாம் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது யூலாலியா தலையைத் தூக்காமலே பேசினார்.

"எண்பத்தொன்பதுல நானும் ஆயருக்கு ஒரு கடிதாசி எழுதினேன். அப்புறம் கிழிச்சுட்டேன். அப்ப இருந்த மதருக்கு உடம்பு சரியில்ல, ஆள் பத்தலன்னு."

"கிழிச்சது நல்லதுன்னு தோணுதா?"

"சில நாள் தோணும்." இன்னும் நாலு பாதாம் உரித்தார். "என்னைக் காரணம் காட்டி நீ இங்க உக்காந்தா உன்னை மன்னிக்கவே மாட்டேன். எனக்கு யாரும் காவல் இருக்க வேண்டாம்."

அழுதேன். "உப்புக் கரிக்கும், தட்டை நகர்த்து," என்றார்.

ஏப்ரல் 18

எழுதிவிட்டேன். மதர் உறையை வாங்கி இருபுறமும் பார்த்தார். பிரிக்கவில்லை. தபால்தலையை அவரே ஒட்டினார். கோணலாக ஒட்டிக்கொண்டது.

ஜூலை 2

பதில் வந்தது. ஒரு வருடம்.

அக்டோபர் 21. ஞாயிறு

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்று எனக்கு விடுமுறை. பெனீத்தா தன் பின்னறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்து மூன்று மாதமாகிறது. எங்கள் மடத்தை மூடி மற்ற நால்வரையும் குவென்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கட்டிக்கொடுத்த ரொட்டியோடு பஸ் ஏறி அங்கே போனேன். மடத்தின் சந்திப்பு அறையில் இரும்புக் கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் நாற்காலியில் நான். அந்தப் பக்கம் யூலாலியா. கையில் ஊன்றுகோல். போன மாதம் படியில் விழுந்தாராம்.

"என்னாலதான்," என்றேன்.

"ஆமா. நீ வந்து தள்ளிவிட்டியாக்கும்! முடியை யாரு இப்படி வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

மதர் ஹெர்மினியா வரவில்லை. சளி என்றார்கள். அப்படியே இருக்கட்டும்.

நான் எங்கெல்லாம் நடந்தேன் என்று யூலாலியா கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு தெருவாகக் கேட்டார். கடைகளின் பெயர்கூடக் கேட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே செபத்துக்கு மணி அடித்தது. யூலாலியா கோலை ஊன்றி எழுந்தார். பழக்கத்தில் நானும் எழுந்துவிட்டேன்.

"நீ எங்க?" என்றார். "உக்காரு. ரொட்டியைச் சாப்பிட்டுட்டுப் போ."