நாலாக மடித்த துணி

29-1-2010, வெள்ளி
அஷ்பாக் வந்துவிட்டான். மூன்று வருஷம் கழித்து என் பேரனைப் பார்க்கிறேன். மகள் போய்ச்சேர்ந்த பிறகு பாட்டி நானே வளர்த்த பிள்ளை, நன்னி என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்குத் துபாயில் ஆபீஸில் இருக்கிறான். கடலூரில் எங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது? கைத்தோல் மட்டும் உரிந்து கிடக்கிறது. ஏசி குளிர் என்றான்.

செண்ட்டு, பாதாம், தைலம், அதோடு ஒரு கட்டுத் துணி. மைக்ரோஃபைபராம். வீடு துடைக்கவாம். அதற்குப் பழைய கைலி போதாதா என்று கேட்டேன். சிரித்தான்.

31-1-2010, ஞாயிறு
கைலி போதாதுதான். அந்தத் துணியை நனைத்துப் பிழிந்து பீரோக் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தான் — பஞ்சு ஒட்டவில்லை, கோடு விழவில்லை. துணியை நாலாக மடித்துக்கொள்கிறான். ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பி அடுத்த பக்கம். பக்கத்து வீட்டு சர்புன்னிசா பார்த்துவிட்டு, "ஆபீசருக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். அங்கெல்லாம் ஆபீசரே தன் மேசையைத் துடைத்துக்கொள்வார் என்று சொன்னேன். அப்படித்தானே இருக்கும்?

3-2-2010, புதன்
சோடா உப்புப் போட்டு ஒரு துணியை வேகவைத்துவிட்டேன். விறைத்துப்போனது. "வெந்நி ஆவாது நன்னி. ஒண்ணு போனா போவுது" என்றான்.

7-2-2010, ஞாயிறு
சிதம்பரம் போய் வந்தோம், பெண் பார்க்க. ரூமானா. எனக்குப் பிடித்தது. அவனுக்கும்தான், காதெல்லாம் சிவந்துவிட்டது. அவள் அத்தா நூருல் அமீன் கடை வைத்திருக்கிறார், முன்பு துபாயில் இருந்தவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான் என்றேன். ஆபீஸ் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். கணக்கு நான் சேர்த்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கண்ணாடி மேசையில் டீ கொட்டியது. யாரும் எழுவதற்குள் அஷ்பாக் கைக்குட்டையை நாலாக மடித்துவிட்டான். எதிர் ஓரத்தில் தொடங்கி, வளைத்து வளைத்துத் தன் பக்கம் கொண்டுவந்தான். பூச்சாடியைத் தூக்கி அதன் அடியையும் துடைத்தான். துணியைத் திருப்பி இன்னொரு தரம். கடைசியில் குனிந்து, வெளிச்சத்தில் கோடு தெரிகிறதா என்று பார்த்தான். பெண்களெல்லாம் சிரித்தார்கள். நூருல் அமீன் சிரிக்கவில்லை.

புறப்படும்போது என்னைத் தனியே நிறுத்தினார். "நானும் அங்க எட்டு வருஷம் கண்ணாடி தொடைச்சவன்தான் பெரியம்மா. அந்த மடிப்பு எனக்குத் தெரியும்."

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். கை இரண்டும் பாக்கெட்டில். தோல் உரிந்தது ஏசி குளிராலா — கண்ணாடி துடைக்கிற மருந்துத் தண்ணி. எங்கிட்ட ஏண்டா சொல்லல என்று கேட்க நினைத்தேன். நான் எங்க சொல்ல வுட்டேன்.

12-2-2010, வெள்ளி
சிதம்பரத்திலிருந்து போன். "தொடைக்கிற வேலைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சம்பந்தம் பேசி முடிச்சிருப்பேன் பெரியம்மா. பொய்தான் ஒத்துவரல." மரியாதையாகத்தான் சொன்னார்.

பெண் இன்னும் படிக்கணுமாம் என்று அஷ்பாக்கிடம் சொன்னேன். சரி நன்னி என்றான். பீரோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

14-2-2010, ஞாயிறு
சமைத்தேன். அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

20-2-2010, சனி
நாளைக்குப் பயணம். அவன் குளிக்கப் போனபோது பெட்டியில் இரண்டு துணி வைத்தேன், அவன் மடிக்கிற மாதிரியே நாலாக மடித்து. பிறகு தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். ஏசி குளிருக்கு என்று சொன்னேன். வாங்கிக்கொண்டான்.

5-3-2010, வெள்ளி
சர்புன்னிசா வந்து உட்கார்ந்திருந்தாள். அஷ்பாக் போன் பண்ணினான்.

"நன்னி, பெட்டியில துணிய யாரு மடிச்சது?"

"நான்தான்ப்பா."

வாளி இழுக்கிற சத்தம் கேட்டது. எப்போதும் ஆபீஸில் இருக்கிறேன் என்பான். இன்றைக்கு, "பதினோராவது மாடியில நிக்கிறேன் நன்னி. இன்னும் ஒரு கண்ணாடி பாக்கி" என்றான். பார்த்து நில்லு, கைக்கு எண்ணெய் தடவு என்றேன்.

போனை வைத்ததும் சர்புன்னிசா, ஆபீசர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

கண்ணாடி துடைக்கிறான், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதாம் என்றேன்.