மூன்றே மூன்று வயர்

ஜனவரி 10, வெள்ளி

நான்கு நிமிடம். அதில் பாதி "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பதிலேயே போனது. மீதியில் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "என்ன விசயம்?"

கல்யாணமாகி இருபத்தியொரு வருசம். அதில் பதினொரு வருசம் கத்தாரில், கார் கராஜில் வேலை. வெள்ளி மட்டும்தான் லீவு, அன்றைக்கு மட்டும்தான் போன். பொண்டாட்டியோட கதைக்கவும் விசயம் வேணுமா? ஒண்டுமில்ல எண்டேன். "அப்ப சரி. கார ஸ்டார்ட் பண்ணிப் போடு, பெட்டரி செத்துரும்." வைத்துவிட்டார். இந்த மனிசனைப் பேசவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

போன லீவில் வந்து வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போன பழைய கார். எனக்கு ஓட்டத் தெரியாது. டிசம்பரில் வருவதாக இருந்தார், முதலாளி விடவில்லை. மகள் நுஸ்ராவும் ஒலுவில் கம்பஸ் விடுதிக்குப் போய்விட்டாள். ஏறாவூரில் இந்த வீட்டில் இப்போது நானும் காரும்தான்.

ஜனவரி 15, புதன்

மழை. இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 17, வெள்ளி

முப்பத்தெட்டு நிமிடம்!

காலையில் ஸ்டார்ட் செய்தால் கார் குலைப்பன் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது. டுக், டுக், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டுக், டுக். சத்தத்தைப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முடியாததுமாக அங்கிருந்து போன் எடுத்தார். "மூணுல ஒண்டு அடிக்கல்ல. பொனட்டத் திற."

எஞ்சின் மேலே மூன்று பிளக், அதற்கு மூன்று வயர். எஞ்சினை நிப்பாட்டி ஒரு வயரைக் கழற்று, பிறகு ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தைக் கேள் என்றார். முதலாவதைக் கழற்றினால் நடுக்கம் கூடியது. மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. "அதுதான்! எதக் கழட்டினா சத்தம் மாறல்லயோ, அங்கதான் பழுது." வயரின் வாய்க்குள் பச்சைக் களிம்பு. வாவிப்பக்கத்து உப்புக் காற்று. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். நின்ற இடத்தில் நின்று பூனை மாதிரி உறுமியது. அந்தப் பக்கம் அவர் சிரித்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

வேலைக்கு நடுவில், பேச்சோடு பேச்சாக, மூன்று மாதமாக இடுப்பு வலி என்றார். சும்மா இருக்கும்போது ஏன் இதைச் சொல்லத் தோன்றவில்லை?

ஜனவரி 18, சனி

எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ.

என்னைக் கழற்றினால் எங்கேயாவது சத்தம் மாறுமா?

ஜனவரி 24, வெள்ளி

அல்லாஹ் மன்னிக்கட்டும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வயரை நானே இழுத்து இளக்கிவிட்டு, சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன்.

நாற்பத்தொரு நிமிடம். அறையில் கூட இருக்கிறவன் சோற்றைக் குழைத்துவிடுகிறானாம். போன மாதம் புழுதிக் காற்றில் மூன்று நாள் வேலையில்லையாம். அந்த மூன்று நாளும் எனக்கு ஏன் போன் எடுக்கல்ல? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வயரைத் தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பக்கத்து வீட்டு உசனார் காக்கா, "கார் பழுதெண்டு கேள்விப்பட்டன். நான் பாக்கவா புள்ள?" என்று பொனட்டில் கையை வைத்துவிட்டார்.

"வேணாம் காக்கா. அவர் பாப்பார்."

"கத்தார்ல இரிந்தா?"

"ஓம்."

தலையைச் சொறிந்துகொண்டு போனார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஜனவரி 31, வெள்ளி

முதலாவது வயர்.

சத்தத்தை அனுப்பினேன். எடுத்தார்.

"முதல்ல ரெண்டாவது. போன கிழமை மூணாவது. இப்ப ஒண்டாவதா?"

"ஓம்."

"மூணு வயர்தான் இரிக்கு ஸகியா. வாற கிழமைக்கு என்னத்தக் கழட்டப்போறாய்?"

பேர் சொல்லி வேறு கூப்பிட்டுவிட்டார். பதினொரு வருசமா எஞ்சினுக்குள்ள காது வச்சிரிக்கிற மனிசன், அவருக்கா தெரியாது? நான் ஒரு மடச்சி! அழுகை வந்தது, அடக்கவில்லை. கேட்டிருக்கும். "வயரப் போட்டுரு" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டார்.

ஆறு நிமிடம்.

பெப்ரவரி 2, ஞாயிறு

மூன்றையும் அழுத்தி மாட்டினேன். கார் நன்றாக இருக்கிறது. இனி அவரிடம் சொல்ல ஒரு விசயமும் இல்லை. வெட்கமாகவும் கிடக்கிறது, கோபமாகவும் கிடக்கிறது. கோபம் யாரோடு என்றுதான் தெரியவில்லை.

பெப்ரவரி 5, புதன்

மீன் ஆணம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். போன் அடித்தது. அவர்! புதன்கிழமையில், அங்கே வேலை நேரத்தில். கராஜில் ஏதாவது காரின் அடியில் அகப்பட்டுவிட்டாரோ, அவருடைய போனில் வேறு யாரும் எடுக்கிறார்களோ. காதில் வைத்தால், பின்னால் சுத்தியல் சத்தம், யாரோ கத்துகிற சத்தம்.

"என்ன விசயம்?" என்றேன். நான்தான் கேட்டேன்.

"விசயம் ஒண்டுமில்ல புள்ள. சும்மாதான் எடுத்தன்."

இரண்டு பேரும் அந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"என்ன சமைக்கிறாய்?"

"மீன் ஆணம்."

"என்ன மீன்?"

மணலை என்றேன். மாங்காய் போட்டாயா என்று கேட்டார். இடுப்பு எப்படி என்று கேட்டேன். காரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆணம் அடிப்பிடித்துவிட்டது. எத்தனை நிமிடம் என்று பார்க்க மறந்துபோனேன்.